மலைக்குக் குறுக்கே அறுபது கிலோமீட்டர்

செத்துப்போனவர் போன் பண்ணினால் எடுப்பதா வேண்டாமா என்று யாரும் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. எடுத்த பிறகுதானே யார் என்றே தெரிகிறது! ஸ்கேலக்காவும் அப்படித்தான் எடுத்தாள். பட்டப்பகல், மணி மூன்றரை. மேசையில் பாதி குடித்த தேநீர், எதிரே மருந்துக் கிடங்கின் வண்டிகளெல்லாம் வரிசை வரிசையாகத் தெரிகிற கணினித் திரை. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "கட்டுப்பாட்டு அறை, சொல்லுங்க" என்றாள்.

முதலில் இன்ஜின் சத்தம் வந்தது. மேட்டில் கியரைக் குறைக்காமல் மிதித்தால் வண்டி முக்குமே, அந்த முக்கல். அப்புறம் டயர் கீச்சென்று தேய்ந்தது. பின்னால் ஏதோ பெட்டிகள் ஒரு பக்கமிருந்து மறு பக்கத்துக்குச் சரிந்து மோதின. எல்லாம் அடங்கியதும் ஒரு மனிதரின் மூச்சு. ஓடி வந்து நின்றவரின் மூச்சு.

"நேரத்துக்கு வந்துட்டேன் தங்கச்சி."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அந்தக் குரலை அவளுக்குத் தெரியாதா என்ன! கிடங்கில் முப்பது ஓட்டுநர்கள் இருந்தார்கள். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர் ஒரே ஒருவர். அவருக்குப் பொறுமை என்று பட்டப்பெயர். எவ்வளவு அவசரமானாலும் ஐம்பதைத் தாண்டாத மனிதர், முந்துகிறவனுக்கெல்லாம் கையை வெளியே நீட்டி வழி விடுகிறவர். அந்தப் பொறுமை அண்ணன் மலைச்சாலையில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவள் திரையைப் பார்த்தாள். மலைத்தடத்தில் அன்று ஒரு வரிதான் இருக்க வேண்டும், அவளுடைய தம்பி ஓட்டிப் போன வண்டியின் வரி. இரண்டு வரிகள் இருந்தன. தம்பியின் வரியில் புறப்பட்ட நேரம் மட்டும் இருந்தது, அவன் இன்னும் போய்ச் சேரவில்லை. அதற்குக் கீழே, வண்டி எண் ஏழு. மலையின் முதல் வாசல் 2.00. மறுவாசல் 3.30. சராசரி வேகம் 40. பச்சை நிறத்தில், சுத்தமாக.

ஏழாம் வண்டி கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. அதன் முன்பக்கம் என்று ஒன்றே இல்லை. அவள் எழுந்து ஓடி மேலாளரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் குனிந்து பார்த்தபோது திரையில் ஒரு வரிதான் இருந்தது.

"கண்ணாடி மாத்தணும் போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த மனுஷன்.

அவளுக்கு ஏன் ஸ்கேலக்கா என்று பெயர் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் வினையே இருக்கிறது. கிடங்கிலிருந்து எந்த மருத்துவமனைக்கு எந்த வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நேர அட்டவணை போடுவது அவள் வேலை. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வரைபடம் மாட்டியிருக்கும். புதுத் தடம் என்று ஒன்று வந்தால் அவள் ஸ்டூலில் ஏறி, நீளமான மர ஸ்கேலை வைத்து, இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு அளப்பாள். ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர். பெருக்கினால் தூரம் வந்துவிடும். கிடங்கைச் சுற்றி எல்லாம் சமவெளி, சாலைகளும் நூல் பிடித்தாற்போல் நேரானவை. பத்து வருடமாக அவள் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. ஓட்டுநர்கள் கேலியாக வைத்த பெயரை அவள் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். குளிர்ப்பெட்டியில் மருந்து போக வேண்டும், தினம் ஒரு வண்டி. ஸ்கேலக்கா ஸ்டூலில் ஏறினாள். மலையின் இந்தப் பக்க வாசலிலிருந்து அந்தப் பக்க வாசலுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர், ஆக அறுபது கிலோமீட்டர். மலைச்சாலையில் நாற்பதுக்கு மேல் போகக்கூடாது என்பது கிடங்கின் விதி. அறுபதை நாற்பதால் வகுத்தாள், ஒன்றரை மணி நேரம். படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மலைமேல் அலைபேசி எடுக்காது. மலையின் இந்தப் பக்க வாசலிலும் அந்தப் பக்க வாசலிலும் வண்டியைப் பதிகிற கருவி உண்டு, அந்த இரண்டு நேரம்தான் அவள் திரைக்கு வரும். மிச்சத்தை இயந்திரமே போட்டுக்கொள்ளும், அவள் கொடுத்த அறுபதை நேரத்தால் வகுத்து. தாமதமானால் வரி சிவப்பாகிவிடும். ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் ஓட்டுநரை வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள்.

அந்தத் தடத்துக்குப் பொறுமை அண்ணனைத்தான் போட்டார்கள். இரண்டாம் வாரமே இரண்டு சிவப்பு. ஒரு நாள் தயங்கித் தயங்கி அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"தங்கச்சி, அந்த மலை ரோட்டுக்கு நேரம் பத்தலைம்மா. கொஞ்சம் பார்த்துப் போடேன்."

"அண்ணே, கணக்குப்படி நாற்பதுதான் வருது. நாற்பதுக்கே பத்தலைன்னா எப்படி? நீங்க வண்டிய ஓட்டுறீங்களா, தள்ளிக்கிட்டுப் போறீங்களா?"

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "சரிம்மா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஒரு நாள்கூட அவர் வரி சிவப்பாகவில்லை. நாள் தவறாமல் மூன்றரை, நாள் தவறாமல் நாற்பது. ஸ்கேலக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு வார்த்தை சொன்னதும் மனுஷன் திருந்திவிட்டாரே!

அவர் விழுந்த பிறகு விசாரணை வந்தது. வேகமாக ஓட்டினாரா என்று கேட்டார்கள். அவள் தாளை எடுத்து நீட்டினாள்: கடைசி ஐம்பது நாட்களில் சராசரி வேகம் மணிக்கு நாற்பது, நிர்ணயித்த வேகத்தைத் தாண்டவில்லை. கீழே அவள் கையெழுத்து. அப்படியானால் வேகம் காரணமில்லை, ஓட்டுநர் தூங்கியிருக்கிறார் என்று முடித்துவிட்டார்கள். பொறுமையே தூங்கிவிட்டதாமே என்று கிடங்கு வாசலில் நின்று நக்கலடித்தவர்களும் உண்டு.

இப்போது தடத்தை மறுபடி திறந்துவிட்டார்கள், ஓட்டுநர் அவள் கூடப் பிறந்த தம்பி. அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்திருந்தாள். அவன் போன முதல் நாள்தான் அந்த முதல் போன்.

முதல் நாள் தம்பி நாலேகாலுக்கு மேல்தான் மறுவாசலைத் தொட்டான். சிவப்பு. இரண்டாம் நாளும் சிவப்பு. இரண்டு நாளும் மூன்றரை மணிக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. அதே முக்கல், அதே டயர், அதே மூச்சு. "நேரத்துக்கு வந்துட்டேன் தங்கச்சி." இரண்டாம் நாள் அவள் அடிக்குரலில் "அண்ணே, அண்ணே, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுப் பார்த்தாள். பதிலில்லை. ரிசீவரை வைத்த பிறகும் காதுக்குள் அந்த மூச்சு இரைந்துகொண்டே இருந்தது. வீட்டுக்குப் போனாள், சோறு இறங்கவில்லை. பாத்திரம் கழுவும்போது குழாயின் இரைச்சல்கூட இன்ஜின் முக்குவது போலவே கேட்டது.

மூன்றாம் நாள் தம்பியின் வரி 3.30 என்று காட்டிப் பச்சையில் நின்றது. சராசரி வேகம் நாற்பது. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் தொலைபேசி அடித்தது. அவள் எடுக்கவில்லை. அதுவோ பதினேழு முறை அடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தான். தண்ணீர் கொடுத்தாள். டம்ளர் அவன் பல்லில் இடித்து டடடடவென்று சத்தம் போட்டது.

"என்னடா, கை இந்த ஆட்டம் ஆடுது?"

"ஸ்டியரிங்கைப் பிடிச்ச கை. வளைவெல்லாம் முடிஞ்சு போச்சுன்னு அதுக்கு இன்னும் தெரியல."

"போடா, நாற்பதுல ஓட்டுற வண்டிக்கு இவ்வளவு அலட்டலா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு தினுசாகப் பார்த்தான். "யாரு நாற்பதுல ஓட்டினது?"

"திரையில விழுந்துச்சே. என் கண்ணால பார்த்தேன்."

"உன் திரையைத் தூக்கிக் குப்பையில போடு. கொஞ்சம் நேரா இருக்கிற இடத்துல தொண்ணூறு, வளைவுல அம்பத்தஞ்சு. மீட்டர் முள்ளு எழுபதுக்குக் கீழயே நின்னுச்சுன்னா உன் மூன்றரை மணிக்கு நான் பாதி மலையிலதான் நிப்பேன். வேணும்னா ஒரு நாள் ஏறி உக்காந்து பாரு. ஏற்கெனவே ரெண்டு சிவப்பு வாங்கிட்டேன், மூணாவது வாங்கினா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அவன் குனிந்து செருப்பைக் கழற்றியபடியே, "இன்னொண்ணு சொல்லவாக்கா? பொறுமை அண்ணன் தூங்கிட்டாருன்னு சொல்றாங்களே, கட்டுக்கதை. அந்த ரோட்டுல எவனாலயும் தூங்க முடியாது" என்றான்.

மறுநாள் காலையில் அலுவலகம் போனதும் நேராக டீசல் பிரிவுக்குப் போனாள். அவள் அறைக்கும் அதற்கும் நடுவே ஒரே ஒரு சுவர். பத்து வருடத்தில் அவள் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. ஓட்டுநர்கள் தினமும் மீட்டர் ரீடிங் எழுதிக் கொடுக்கிற தாள்களை எல்லாம் டீசல்காரர் கட்டுக் கட்டாகக் கட்டிப் போட்டிருந்தார். ஏழாம் வண்டியின் கட்டைக் கேட்டு வாங்கி, தரையிலேயே உட்கார்ந்து பிரித்தாள்.

முதல் வாசலில் ஒரு ரீடிங், மறுவாசலில் ஒரு ரீடிங். கழித்துப் பார்த்தாள். நூற்றுப் பதினொன்று. அடுத்த தாளும் நூற்றுப் பதினொன்று. அதற்கடுத்ததும். மலை ஏறி, சுற்றி, வளைந்து, இறங்கி, மறுபடி ஏறுகிற சாலை நூற்றுப் பதினோரு கிலோமீட்டர் நீளம். அறுபது இல்லை.

முதல் ஒன்பது தாள்களில் குறிப்பு என்ற கட்டத்தில் பொறுமை அண்ணன் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தார், நேரம் போதவில்லை. ஒன்பதிலும் அதே இரண்டு வார்த்தை. பத்தாவது தாளிலிருந்து அந்தக் கட்டம் காலி. தேதியைப் பார்த்தாள். ஒன்பதாம் தேதிதான் அவர் அவள் மேசைக்கு வந்து நின்று சிரித்துவிட்டுப் போனது.

"இதையெல்லாம் நீங்க படிக்கலையா?" என்று டீசல்காரரிடம் கேட்டாள்.

"குறிப்பு நம்ம வேலை இல்லையேம்மா. நமக்கு ரீடிங் இருந்தாப் போதும்."

நூற்றுப் பதினொன்றை ஒன்றரையால் வகுத்தாள். தாள் தேவைப்படவில்லை, மனசிலேயே வந்தது. எழுபத்து நான்கு. ஐம்பதைத் தாண்டாத மனிதரை அந்தக் கொண்டையூசி வளைவுகளில் ஐம்பது நாள் எழுபத்து நான்கில் ஓட வைத்திருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் இதை அவள் படித்தவள்தான். சராசரி வேகம், சராசரி திசைவேகம், வேறுபடுத்துக, இரண்டு மதிப்பெண். ஓடிய பாதையின் மொத்தத் தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். புறப்பட்ட இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் நடுவே உள்ள நேர்த்தொலைவை, அதாவது இடப்பெயர்ச்சியை, நேரத்தால் வகுத்தால் சராசரி திசைவேகம். பாதை நேராக இருந்தால் இரண்டும் ஒரே எண். பாதை வளைந்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். இரண்டுக்கு இரண்டு வாங்கி, பக்கத்தில் டீச்சர் 'நன்று' என்று வேறு எழுதியிருந்தார். பரீட்சைத் தாளில் தெரிந்தது ஸ்டூல்மேல் ஏறியபோது தெரியாமல் போயிற்றே!

இதில் கொடுமை என்னவென்றால் அந்த நாற்பது பொய்யே இல்லை. இங்கே இருந்து அங்கே நேர்கோட்டில், மலையின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு போகிற ஒன்றுக்கு அது சரியான கணக்கு. வண்டி அப்படிப் போகாது. பேய் வேண்டுமானால் போகும். சமவெளிச் சாலைகளில் பத்து வருடம் அவள் தப்பித்தாள், ஏனென்றால் அங்கே சாலையும் ஸ்கேலும் ஒன்றாகவே ஓடின.

கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போகும்போது மணி ஒன்று. வெளியே மழை பிடித்திருந்தது.

"சார், மலைத்தடத்துக்கு நேரத்தைக் கூட்டணும்."

"எதுக்கு?"

நாக்கு நுனிவரை வந்தது. அறுபது தப்பு சார், என் தப்பு. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அறுபது தப்பென்றால் நாற்பது தப்பு. நாற்பது தப்பென்றால் விசாரணையில் அவள் கையெழுத்துப் போட்ட தாள் தப்பு. ஒரு ஆளைக் கொன்றது யார் என்று அப்புறம் யாரும் தேட வேண்டியதில்லை.

"மழையா இருக்கு, அதான்" என்றாள்.

"மழைக்கெல்லாம் அட்டவணையை மாத்த முடியுமாம்மா? காரணத்தை எழுதிக் குடு, மேலிடத்துக்கு அனுப்புறேன்."

ஒரு வெள்ளைத் தாளோடு தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள், மூடினாள். பத்துத் தடவையாவது இதைச் செய்திருப்பாள். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், மெதுவா போடா இன்னிக்கு."

"மெதுவா போனா மூணாவது சிவப்பு விழும். விழட்டுமா?"

"மழை பெய்யுதுடா."

"சிவப்பு போடாம இருக்க உன்னால முடியுமா? முடியாதுல்ல? அப்புறம் என்ன. நான் பார்த்துக்கிறேன், வை."

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நின்றிருப்பான். அவள் சொல்லவில்லை. 2.00 என்று முதல் வாசல் நேரம் திரையில் விழுந்தது. அதற்கு மேல் மலை, அங்கே எந்தப் போனும் எடுக்காது.

மூன்றரை மணிக்கு அவள் ரிசீவர்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடிக்கவில்லை. திரையில் தம்பியின் வரிக்குக் கீழே ஏழாம் வண்டியின் வரி இருந்தது. அதிலும் 2.00 மட்டும்தான் இருந்தது. செத்தபின் ஒரு நாளும் நேரம் தவறாத மனிதர் இன்று வந்து சேரவில்லை. மூன்று முப்பத்தொன்று. மூன்று முப்பத்திரண்டு. தம்பியின் வரி சிவப்பாயிற்று. ஏழாம் வரியும் சிவப்பாயிற்று.

நான்கு மணிக்கு அவள் எழுதத் தொடங்கினாள். இந்தத் தடவை பேனா நிற்கவே இல்லை. தூரம் அறுபது அல்ல, நூற்றுப் பதினொன்று. அறுபது என்பது நான் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்த நேர்த்தொலைவு. விசாரணையில் நான் கொடுத்த நாற்பது வண்டி ஓடிய வேகம் அல்ல, உண்மையான வேகம் எழுபத்து நான்கு. ஓட்டுநர் தூங்கவில்லை. நேரம் போதவில்லை என்று அவர் ஒன்பது முறை எழுதினார், ஒரு முறை என்னிடம் நேரில் சொன்னார். நான் கேலி செய்து அனுப்பினேன்.

மேலாளர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "அட்டவணையை மட்டும் மாத்திடுவோம்மா. செத்தவரு செத்துட்டாரு, பழசை எதுக்குக் கிளறுறே? இது மேல போச்சுன்னா திரும்ப வாங்க முடியாது, பார்த்துக்க."

"அனுப்புங்க சார். என் தம்பி மலைமேல இருக்கான்."

எழுதிவிட்டதால் மலைமேல் எதுவும் மாறிவிடாது என்று அவளுக்கே தெரியும். இருந்தும் அவர் அதைக் கணினியில் ஏற்றி அனுப்பும்வரை அங்கேயே நின்றாள். திரும்பி வந்து திரை முன் உட்கார்ந்து, "அண்ணே, அவனை விட்டுடுங்க அண்ணே" என்று முணுமுணுத்தாள். பக்கத்து மேசைக்காரி என்னவென்று கேட்டபோது காதில் விழவில்லை.

நாலு நாற்பத்தேழுக்குத் திரையில் மறுவாசல் நேரம் விழுந்தது. அதோடு தொலைபேசி. அவள் எடுத்த வேகத்தில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது.

"அக்கா, சிவப்பு விழுந்துடுச்சா? என் மேல தப்பே இல்லக்கா. முதல் வாசல் தாண்டினதுமே முன்னாடி ஒரு வண்டி மாட்டிக்கிச்சு. ஆமை மாதிரி போகுது. ஹார்ன் அடிச்சு அடிச்சு எனக்குக் கை வலிச்சதுதான் மிச்சம், வழியே விடல. முந்தலாம்னு பார்த்தா நடு ரோட்டுக்கு வந்து மறிக்குது. கையை வெளிய நீட்டி, மெதுவா மெதுவான்னு காட்டிக்கிட்டே போறாரு ஓட்டுறவரு. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் அந்தச் சுவர் உடைஞ்ச வளைவு இருக்கே, அங்க போனா பாதி ரோட்டைக் காணோம்! மழையில சரிஞ்சு கீழ போயிருக்கு. நேத்து வந்த வேகத்துல வந்திருந்தேன்னா..." அவன் குரல் உடைந்தது. "அந்த வண்டி ஓரமாப் போய் வழி காட்டிச்சு, அப்படியே பின்னாடியே ஊர்ந்து வந்துட்டேன்."

"வண்டி நம்பரைப் பார்த்தியா?"

"சேறு அப்பியிருந்துச்சு, ஏழு மட்டும் தெரிஞ்சுது. அந்த ஆளுக்கு ஒரு நன்றி சொல்லலாம்னு பார்த்தா வாசல்ல வண்டியையே காணோம். இன்னிக்கு உனக்கு முன்னாடி யாருமே வரலையேங்கிறான் வாசல்காரன்."

அவள் மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சுற்றி இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதாள். அழுது முடித்தபின் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பழக்கம், விடுமா? நூற்றுப் பதினோரு கிலோமீட்டர், இரண்டு மணி நாற்பத்தேழு நிமிடம். நாற்பது. அவர் விதிப்படிதான் ஓட்டியிருக்கிறார். திரையில் இயந்திரம் பழைய அறுபதை வகுத்து இருபத்தொன்றரை என்று காட்டிக்கொண்டிருந்தது. ஏழாம் வண்டியின் வரி இல்லை.

அதற்குப் பிறகு போனும் வரவில்லை. மறுநாள் மூன்று மணி நேரம் என்று புது அட்டவணை ஒட்டினார்கள், விசாரணையைத் திரும்ப எடுக்கப்போவதாகவும் சொன்னார்கள். வேலை போகும் என்று மேலாளர் ஜாடையாகச் சொன்னார். போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. ஆனால் பொறுமை அண்ணனின் மனைவியிடம் காகிதம் போய்ச் சொல்வதற்கு முன்னால் தான் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மதியம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

மாடியில் ஒற்றை அறை. அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைக்குக் கொடுக்க வேண்டிய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "வாம்மா, உக்காரு" என்று ஒரு சட்டைக் குவியலை ஒதுக்கினார். ஸ்கேலக்கா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். ஸ்கேல், அறுபது, நூற்றுப் பதினொன்று, கேலி, கையெழுத்து, ஒன்றையும் விடவில்லை.

"நான்தான் அண்ணி காரணம். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா இனிமே அண்ணனை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அவர் தூங்கவே இல்ல."

அந்த அம்மாளின் கையில் ஊசி நின்றது.

"தூங்கலையா?"

"இல்ல அண்ணி. ஒரு நிமிஷம்கூடக் கண்ணசரல. கடைசி வரைக்கும் முழிச்சுக்கிட்டுதான் இருந்தாரு." அவள் இதைக் கொஞ்சம் சந்தோஷமாகவேதான் சொன்னாள். கையில் இருந்த ஒரே நல்ல செய்தி என்று நினைத்துக் கொண்டுவந்தது அது.

"முழிச்சுக்கிட்டு" என்றார் அந்த அம்மாள். ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூங்கிட்டாருன்னு வந்து சொன்னாங்களே. ஊர் ஆயிரம் பேசிச்சு. பேசிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். தூக்கத்துலயே போயிட்டாரு, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, பயந்திருக்க மாட்டாருன்னு அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் இந்த ரெண்டு மாசமும் எழுந்து நடமாடுறேன்."

ஸ்கேலக்கா அப்போதுதான் சட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ சுவர் வர்றதைப் பார்த்திருப்பாரு."

"அண்ணி..."

"பிரேக்கை மிதிச்சுப் பார்த்தாரா? அந்த இடத்துல என்ன வேகத்துல இருந்தாரு? சொல்லு, உங்கிட்டதான் எல்லாக் கணக்கும் இருக்குமே."

அவளிடம் இருந்ததெல்லாம் இரண்டு வாசலுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. அதுவும் அவர் போய்ச் சேர்ந்த நாட்களுக்கு. அந்த ஒரு வளைவுக்கு, அந்த ஒரு நொடிக்கு அவளிடம் எந்த எண்ணும் இல்லை.

"தெரியாது அண்ணி."

"நீ எழுதினதைத் திரும்ப வாங்க முடியுமா?"

"முடியாது. அனுப்பியாச்சு."

அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். திட்டவில்லை, அழவும் இல்லை. கீழே படியில் குதித்துக் குதித்து ஏறி வரும் சத்தம் கேட்டது. "பொண்ணு வந்துட்டா. அந்தக் காகிதம் வர்றப்போ வரட்டும். இன்னிக்கு வேண்டாம்" என்று அவசரமாகச் சொன்னார்.

ஏழெட்டு வயதுப் பெண். பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அப்பாவின் ஆபீஸ் அத்தை என்று அம்மா சொன்னதும் அவளை மேலும் கீழும் பார்த்தது.

"அத்தை, அப்பா விழும்போது தூங்கிட்டுதானே இருந்தாரு? கூடப் படிக்கிறவ ஒருத்தி இல்லைங்கிறா."

அந்த அம்மாள் பொத்தானில் நூலைக் கோக்கத் தொடங்கியிருந்தார், நிமிரவில்லை.

"ஆமாம்மா" என்றாள் ஸ்கேலக்கா. "நல்லாத் தூங்கிட்டு இருந்தாரு."